சூடு எங்கே போகும்? – முப்பது வருஷம் தாமதமான ஒரு பதில்



நீளமான பதிவு. அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ராத்திரி வந்து படியுங்கள்.

போன வாரம் நான் நாலு வரி எழுதியிருந்தேன். நம் சூரியன் ஒரு பெரிய சூடான வாயுக் குமிழிக்குள் இருக்கிறது. அந்தக் குமிழியிலிருந்து சென்டாரஸ் நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் சுரங்கப்பாதை மாதிரி ஒரு வழி போகிறது. ஜெர்மனி விஞ்ஞானிகள் இரோசிட்டா என்ற எக்ஸ்ரே தொலைநோக்கியை வைத்து இதைக் கண்டுபிடித்து 2024-ல் வெளியிட்டார்கள். அவ்வளவுதான் எழுதினேன். கீழே வந்த கருத்துகளில் இரண்டு என்னைத் தூங்க விடவில்லை.

ஒன்று, முடிச்சூரில் இருக்கும் என் மச்சினன் போட்டது. "மாமா, எங்க தெருவுல மழைத்தண்ணி போக வழியைக் காணோம். நட்சத்திரத்துல இருந்து ஆவி போற வழியைக் கண்டுபிடிச்சு என்ன ஆகப் போவுது? இதுக்கெல்லாம் யார் காசு?" முப்பத்தேழு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

இன்னொன்று, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் எழுதியது. இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறாள். அவள் மகளே ஒன்பதாவது போகிறாள். அவள் எழுதியது ஒரே வரி. "சார், இதைத்தானே நான் அன்னைக்கு கிளாஸ்ல கேட்டேன்?"

ஆமாம், கேட்டாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1994. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட். நட்சத்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் வெடித்துச் சிதறும், அதற்குப் பெயர் சூப்பர்நோவா என்று கரும்பலகையில் படம் போட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்தாள். "சார், வெளியில ஒண்ணுமே இல்ல, வெற்றிடம்னு போன வாரம் சொன்னீங்க. அப்போ வெடிச்ச சூடெல்லாம் எங்க சார் போகும்? வாங்கிக்க யாருமே இல்லையே?"

நான் சொன்ன பதில்: "பரீட்சைக்கு வராததைக் கேட்காதே, உட்காரு." வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் வேறு எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டிருந்தாலே யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். ஏனென்றால் அவள் கேள்விக்குப் பாதிப் பதில் அப்போதே தெரிந்திருந்தது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். மச்சினனுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் என் தப்பைத் திருத்துகிறேன். நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னது சரியில்லை. நம் வீட்டுக் கூடத்துக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் மூலக்கூறுகளை எண்ணினால், 25 போட்டு அதன் பக்கத்தில் பதினெட்டு சைபர் போட வேண்டும். நட்சத்திரங்களுக்கு இடையே அதே அளவு இடத்தில் சராசரியாக ஓர் அணு இருக்கும். நமக்கு அது வெற்றிடம்தான். ஆனால் அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லையே. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் நம் பால்வீதியில் மட்டும் பல நூறு கோடிச் சூரியன்களின் எடைக்கு வாயு மிதந்துகொண்டிருக்கிறது. அதில் சில இடங்கள் பயங்கரக் குளிர், அங்கேதான் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. சில இடங்கள் சுமார் எட்டாயிரம் டிகிரி. சில இடங்கள் பத்து லட்சம் டிகிரி, அதற்கும் மேல்.

பத்து லட்சம் டிகிரி என்றதும் பயப்பட வேண்டாம். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடித்திருப்பீர்கள். அந்தப் பொறி ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரிக்கு மேல். கையில் பட்டால் சுருக்கென்றுகூட இருக்காது. ஆனால் நூறு டிகிரி வெந்நீர் ஒரு டம்ளர் கொட்டினால் கொப்புளம் வரும். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. இதை முப்பத்து மூன்று வருஷம் வருஷத்துக்கு ஒருமுறை நடத்தியிருக்கிறேன், உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ! நம்மைச் சுற்றியுள்ள குமிழியில் ஒரு லிட்டர் பால் பாக்கெட் பிடிக்கும் இடத்தில் நாலைந்து அணுக்கள்தான் இருக்கும். ஒவ்வொன்றும் தலைதெறிக்க ஓடும். அதுதான் அங்கே சூடு.

சரி, அந்தச் சூட்டை யார் போட்டது?

பெரிய நட்சத்திரங்கள் தனியாகப் பிறப்பதில்லை. ஒரே வாயு மேகத்தில் கூட்டமாகப் பிறக்கும். ஆயுசும் குறைவு. நம் சூரியனுக்கு ஆயிரம் கோடி வருஷம் என்றால் இவற்றுக்குச் சில பத்து லட்சத்திலிருந்து நாலு கோடி வருஷம்வரைதான். எனவே பிறந்த இடத்தை விட்டு அதிகதூரம் போவதற்கு முன்பே, ஒன்றன்பின் ஒன்றாக, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வெடிக்கும். ஒரு வெடிப்பில் தூக்கியெறியப்படும் பொருளின் வேகத்தில் இருக்கும் ஆற்றல், சூரியன் தன் ஆயுசு முழுக்க வெளிச்சமாகக் கொடுக்கும் மொத்த ஆற்றலுக்குச் சமம். அது சுற்றியுள்ள வாயுவைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட வாயு ஓரத்தில் கெட்டியாகச் சுவர் மாதிரி சேர்கிறது. உள்ளே வெறிச்சோடிய, சூடான ஒரு பள்ளம்.

இங்கே ஒரு நுட்பம். நட்சத்திரம் தனியாக, அடர்த்தியான வாயுவுக்கு நடுவில் வெடித்தால் அதன் சூடு சீக்கிரமே வெளிச்சமாக மாறி வீணாகிவிடும். பத்து லட்சம் வருஷத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. ஆனால் முன்னால் வெடித்தவை தோண்டி வைத்த பள்ளத்துக்குள் அடுத்தது வெடித்தால் நிலைமை வேறு. அங்கே சூட்டைப் பறித்துக்கொள்ள ஆளில்லை. சூடு தங்கும், சேரும், குமிழி பெரிதாகிக்கொண்டே போகும். பத்து, இருபது, நூறு வெடிப்புகள் சேர்ந்து ஊதிய இப்படிப்பட்ட குமிழிக்குத்தான் சூப்பர் பபுள் என்று பெயர். நாம் பெருங்குமிழி என்று வைத்துக்கொள்வோம். தனி வெடிப்புக்கு ஏன் இந்த வலு இல்லை, பெருங்குமிழிக்கு ஏன் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் விரிவாகக் கணக்குப் போட்டு 2014-ல் எழுதியவர்களில் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பிரதீக் சர்மா, ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் பிமன் நாத், அவர்களுடைய மாணவி அர்பிதா ராய். அதற்கு முந்தைய வருஷமே, இப்படி ஒரு குமிழி கேலக்ஸியைத் துளைத்துக்கொண்டு வெளியே போக எவ்வளவு வலு வேண்டும் என்றும் அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். ஆக, அம்மா, நான் உன்னை உட்காரச் சொன்ன கேள்வியை, தாம்பரத்திலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் ஆய்வாளர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

துளைத்துக்கொண்டு வெளியே போவது என்றேன் அல்லவா, அதைச் சொல்கிறேன். நம் கேலக்ஸி தட்டையானது. குறுக்களவு ஒரு லட்சம் ஒளியாண்டு. ஆனால் அதன் வாயு அடுக்கின் தடிமன் சில நூறு ஒளியாண்டுதான். ஓர் அடி அகலத்துக்குத் தோசை ஊற்றினால் அதன் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கிற மாதிரி. அந்தத் தடிமனைவிடக் குமிழி பெரிதானால் என்ன ஆகும்? பக்கவாட்டில் போக வழியில்லை, அங்கே வாயு அடர்த்தி. மேலேயும் கீழேயும் லேசு. அந்தப் பக்கம்தான் பிய்த்துக்கொண்டு போகும்.

பூரி போட்டவர்களுக்கு இது புரியும். எண்ணெயில் உப்பி வருகிறது. எங்கே மாவு மெலிசாக இருக்கிறதோ அங்கே ஓட்டை விழுந்து ஆவி பீறிட்டு விரலைச் சுடுகிறது. என் வீட்டுக்காரம்மா இதைப் படித்துவிட்டு, "பூரி போட்டது நான், பேர் வாங்குறது நீங்களா" என்கிறார்.

இப்படிக் கேலக்ஸியைத் துளைத்து நிற்கும் வழிகளை வானியலாளர்கள் சிம்னி, அதாவது புகைபோக்கி என்கிறார்கள். காசியோப்பியா கூட்டத்தின் திசையில் அப்படி ஒன்றைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ரேடியோ தொலைநோக்கியால் பார்த்து 1996-ல் வெளியிட்டார்கள். நம் சூரியன் இருக்கும் குமிழியும் மேலும் கீழும் சுவர் மெலிந்து புகைபோக்கி போலத் திறந்திருக்கிறது என்று வாயு வரைபடங்கள் காட்டுகின்றன. குமிழிகள் ஒன்றோடொன்று சுரங்கம் வழியாகத் தொடர்பு கொண்டிருக்கும் என்று காக்ஸ், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-லேயே எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1956-ல், கேலக்ஸிக்கு மேலே சூடான வாயு போர்த்தியிருக்க வேண்டும் என்று ஸ்பிட்சர் என்பவர் சொன்னார். 1956-ல் நான் பிறக்கவேயில்லை. 1974-ல் ஆறாம் வகுப்பு. 1994-ல் அவள் கேட்டபோது இது எதுவும் எனக்குத் தெரியாமல் இருந்ததற்கு விஞ்ஞானத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது கேள்வியின் கடினமான பாதி. இதற்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை.

நட்சத்திரக் காற்றும் வெடிப்பும் எவ்வளவு ஆற்றலைக் குமிழிக்குள் போடுகின்றன என்று கணக்குப் போடலாம். அதிலிருந்து குமிழி எவ்வளவு பெரிதாக வேண்டும், எவ்வளவு எக்ஸ்ரே வெளிவர வேண்டும் என்றும் கணக்குப் போடலாம். வீவர் என்பவரும் கூட்டாளிகளும் 1977-ல் போட்ட அந்தக் கணக்கைத்தான் இன்றும் எல்லோரும் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தொலைநோக்கியில் பார்த்தால் பல இடங்களில் கணக்கு உதைக்கிறது. வரவு இருக்கிறது, இருப்பு குறைகிறது. நடுவில் எங்கேயோ செலவாகிவிட்டது. மளிகைக் கடை நோட்டில் இப்படி இருந்தால் முதலாளி என்ன கேட்பார்? அதைத்தான் இவர்களும் கேட்கிறார்கள்.

லாரா லோபஸ் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் நம் பக்கத்து கேலக்ஸிகளான மெகல்லன் மேகங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட நட்சத்திரப் பிறப்பிடங்களை ஆராய்ந்து 2014-ல் எழுதினார்கள். உள்ளே இருக்கும் சூடான வாயுவின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சுவரில் ஓட்டை விழுந்து வாயு கசிந்து போவது காரணமாக இருக்கலாம் என்றார்கள். இப்படிப்பட்ட வேலைக்குப் பயன்படும் எக்ஸ்ரே தொலைநோக்கிகளில் ஒன்றின் பெயர் சந்திரா. 1999-ல் அமெரிக்கா அனுப்பியது. சந்திரா என்பது யார் தெரியுமல்லவா, நம் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். கசிவு மட்டும்தான் காரணமா என்றால் அங்கேதான் வாக்குவாதம். சுவர் ஓரத்தில் சூடான வாயுவும் குளிர்ந்த வாயுவும் கலக்கின்றன, கலந்த இடம் வேகமாகக் குளிர்ந்து ஆற்றலை வெளிச்சமாக விட்டுவிடுகிறது, அதுதான் பெரிய செலவு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு என்னவோ இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் என்று படுகிறது. படிக்கிறவனின் அபிப்பிராயம்தான், ஆராய்ச்சி செய்கிறவனுடையது இல்லை.

கசிவை நேராகப் பார்த்த இடமும் உண்டு, அதுவும் நமக்குத் தெரிந்த இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சேலையூரில் எங்களுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. மழை விட்ட மறுநாளைக்கு அடுத்த ராத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். அந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன், அப்படி ஒரு வானத்தை அங்கே நான் பார்த்ததே இல்லை. நிலா இல்லை, தெருவிளக்கு இல்லை, ஜிஎஸ்டி ரோட்டு வெளிச்சம்கூட இல்லை. கிழக்கில் ஓரியன் ஏறியிருந்தது. சிவப்பாகத் திருவாதிரை, நடுவில் மூன்று நட்சத்திர இடுப்புக் கச்சை, அதன் கீழே கத்தி மாதிரித் தொங்குவதில் பஞ்சு போல ஒரு மங்கல். அந்த மங்கல்தான் ஓரியன் நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம். அதன் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. பத்து லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வாயு அதன் வழியாக நிரம்பி ஓடி, பக்கத்தில் இருக்கும் ஓரியன்–எரிடனஸ் பெருங்குமிழிக்குள் போய்ச் சேர்கிறது என்று ஐரோப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கியின் படத்தை வைத்து 2008-ல் சொன்னார்கள். வெறும் கண்ணுக்கு அந்த வாயு தெரியாது. அது வெளியேறும் வாசல் மட்டும் எங்கள் மாடியிலிருந்து தெரிந்தது. கீழே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

அந்தத் தண்ணீருக்கு வருகிறேன். மச்சினன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றுத் தண்ணீரில். அவன் குடும்பம் மாடியில் இரண்டு ராத்திரி இருந்து படகில் வந்து இறங்கியது. வந்தவன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாய் திறக்கவே இல்லை. அந்த வீட்டை அவன் எவ்வளவு சிரமப்பட்டுக் கட்டினான் என்பது உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு வடிகால்தான் முதல் வேலை. எனக்கும் அதுதான்.

ஆனால் தம்பி, நீ மனை வாங்கிய அன்று நானும் கூட வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? பத்திரம் பார்த்தோம், பட்டா பார்த்தோம், வாஸ்து பார்த்தோம், ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்று பார்த்தோம். மழை பெய்தால் இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று நீயும் கேட்கவில்லை, பௌதிக வாத்தியார் நானும் கேட்கவில்லை. லே-அவுட் போட்டவர் நிச்சயம் கேட்கவில்லை. ஏரியும் கால்வாயும் இருந்த இடமெல்லாம் மனையான எந்தப் புறநகரிலும் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், இங்க கையெழுத்துப் போடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் அந்தப் பெண்ணிடம் சொன்ன அதே பதில்.

ஒரு பொருள் இங்கே வந்து சேர்கிறது, பிறகு எங்கே போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். அவர்களில் ஒருத்தி நட்சத்திர வாயுவுக்குப் போவாள், ஒருத்தன் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போவான். யார் எதற்குப் போவார்கள் என்று பத்தாம் வகுப்பில் நமக்குத் தெரியாது. நட்சத்திரத்தைக் கேட்காதே, வடிகாலை மட்டும் கேள் என்று பிரித்துப் பழக்க முடியாது என்பது என் கட்சி. நான் ஒருத்தியை ஒரே ஒரு தடவை உட்கார வைத்தேன், அவள் எல்லாக் கேள்வியையும் நிறுத்திவிட்டாள். நட்சத்திரத்தை மட்டும் நிறுத்தவில்லை.

ஆவி போகிற வழி தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றாய். அதற்கும் பதில் உண்டு. நம் கேலக்ஸியில் வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சூரியன் எடைக்குப் புது நட்சத்திரங்கள் உருவாகின்றன. கையில் இருக்கும் வாயுவை இந்த வேகத்தில் செலவழித்தால் சில நூறு கோடி வருஷத்தில் தீர்ந்திருக்க வேண்டும். கேலக்ஸிக்கோ ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல் வயது. இன்னும் தீரவில்லை. வெளியிலிருந்து புது வாயு வருகிறது என்பது ஒரு காரணம். உள்ளே இருப்பதை இந்தக் குமிழிகள் ஊதிக் கலைத்து, ஒரேயடியாக நட்சத்திரமாகிவிடாமல் தடுப்பது இன்னொன்று. மேலே போன சூடான வாயுவில் பெரும்பங்கு, நம் கேலக்ஸியின் ஈர்ப்பை மீறும் வேகம் இல்லாததால், குளிர்ந்து மழை மாதிரித் திரும்ப விழுகிறது என்று கருதுகிறார்கள். நீரூற்று என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். போகும்போது சும்மா போவதில்லை. வெடித்த நட்சத்திரம் சமைத்த ஆக்சிஜனை அள்ளிக்கொண்டு போகிறது. நாம் மூச்சு வாங்கும் ஆக்சிஜன் எல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்ட நட்சத்திரங்களில் சமைத்ததுதான். வெளியேறிய வாயு திரும்பாமலே போகும் இடங்களும் உண்டு. எம்82 என்று ஒரு கேலக்ஸி, நம்மிடமிருந்து சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரம். அதிலிருந்து மேலும் கீழும் வாயு பீறிட்டுப் போவதைப் படத்தில் பார்த்தால் பிரஷர் குக்கர் விசில்தான் ஞாபகம் வரும்.

நம் குமிழி கதை இன்னும் நெருக்கமானது. 2022-ல் கேதரின் ஸக்கர் என்பவரும் மற்றவர்களும் நட்சத்திரங்களின் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். சுமார் 1 கோடியே 40 லட்சம் வருஷத்துக்கு முன்னால் தொடங்கி, ஏறக்குறைய பதினைந்து வெடிப்புகள் ஊதியது இந்தக் குமிழி. அகலம் ஆயிரம் ஒளியாண்டு. சூரியன் அதற்குள் பிறக்கவில்லை, வழிப்போக்கன் மாதிரி சுமார் 50 லட்சம் வருஷத்துக்கு முன்னால் உள்ளே நுழைந்தது. நம் பக்கத்தில் இருக்கும் இளம் நட்சத்திரக் கூட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தக் குமிழியின் சுவரில்தான் இருக்கின்றன. குமிழி தள்ளிச் சேர்த்த வாயுவிலிருந்து பிறந்தவை.

வெடித்தவை எங்கே? அவை போய்விட்டன. சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இப்போது ஜூன் மாதம். மேகம் இல்லாத நாளில் இரவு ஒன்பது மணிக்குத் தென்கிழக்கே பாருங்கள், தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும். அதன் நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை, அதற்குச் சற்று மேலே அனுஷம். அந்தப் பெரிய குடும்பத்தில் முன்னால் பிறந்தவை வெடித்ததால்தான் நம் குமிழி உண்டானது என்கிறார்கள். கேட்டையும் ஒருநாள் வெடிக்கும். கேட்டை நட்சத்திரக்காரர்கள் பயப்பட வேண்டாம், நம் காலத்தில் நடக்க வாய்ப்பு குறைவு. 550 ஒளியாண்டு தூரத்திலிருந்து அது நம்மை ஒன்றும் செய்யாது. வரன் பார்க்கும்போது கேட்டையைத் தள்ளுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன், அந்த விவாதம் இன்னொரு நாளைக்கு.

அந்த வெடிப்புகளின் தூசி பூமிக்கே வந்திருக்கிறது. இரும்பில் 60 என்று ஒரு வகை, கதிரியக்கமுள்ளது, சுமார் 26 லட்சம் வருஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பூமி பிறந்தபோது இருந்தது எப்போதோ தீர்ந்திருக்கும். பசிபிக் கடலடிப் பாறையில் அதைக் கண்டு 1999-ல் சொன்னார்கள். சுமார் 20 முதல் 30 லட்சம் வருஷத்துக்கு முன் வந்து படிந்தது. அண்டார்டிகாவில் சமீபத்தில் விழுந்த பனியிலும் இருப்பதாக 2019-ல் இன்னொரு குழு சொன்னது. ஆக, தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்வரும் நாமும் அந்தப் புகைக்குள்ளேதான் நடந்துகொண்டிருக்கிறோம்.

காசு யாருடையது என்ற கேள்வி பாக்கி. நம் நாடும் 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் என்ற வானியல் செயற்கைக்கோளை அனுப்பியது, எக்ஸ்ரேயும் புற ஊதாக் கதிரும் பார்ப்பதற்கு. நம் வரிப்பணம்தான். முடிச்சூர் வடிகாலுக்கு வர வேண்டிய பணத்தை அது சாப்பிட்டது என்று யாராவது எனக்குக் கணக்குக் காட்டினால் அன்றைக்கு மச்சினன் கட்சியில் சேர்ந்துவிடுகிறேன். வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்டு ஒரு மனு எழுதலாம் என்றால் இன்றைக்கே பேனா எடுக்கிறேன். அதுவும் எங்கே போகும் கேள்விதான்.

இன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களாக என் மாணவர்கள் பதினோரு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நட்சத்திரம் பிறந்தது, வளர்ந்தது, வெடித்தது என்று ஜாதகம் மாதிரி நடத்திவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வெடித்த பிறகு என்ன ஆனது என்று ஒரு பீரியட் ஒதுக்குங்கள். பரீட்சைக்கு வராதுதான். யாராவது எழுந்து நின்று உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். எனக்கு அது வர முப்பது வருஷம் ஆனது.

இந்தப் பதிவை எழுதுமுன் அந்தப் பெண்ணுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லி, அன்றைக்கு உட்காரச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். "ஐயோ சார், அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. "சார், மேல போன வாயு திரும்பி விழும்போது கிளம்பின இடத்துலயே விழுமா, வேற இடத்துல விழுமா? பாப்பா கேக்கறா."

கேலக்ஸி சுற்றிக்கொண்டே இருக்கிறது, சூரியனுக்கு ஒரு சுற்றுச் சுற்ற இருபது கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். வாயு மேலே இருக்கும் கோடிக்கணக்கான வருஷத்தில் கீழே எல்லாமே நகர்ந்திருக்கும், அதனால் கிளம்பிய இடத்தில் விழாது என்று எழுதினேன். எவ்வளவு தள்ளி விழும், உள்பக்கமா வெளிப்பக்கமா என்பது தெரியாது, பார்த்து ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். படித்துக்கொண்டிருக்கிறேன்.